கிடார்க்காரரின் மூன்று புதுப் பாட்டுகள்

எங்கள் குப்பத்து ஆடித் திருவிழாவில் பந்தல்காரர் மாறுவார், மேளக்காரர் மாறுவார், ஒரு வருஷம் பூசாரியே மாறினார். கிடார்க்காரர் மட்டும் மாறமாட்டார். அவருக்கு ஒரு பெயர் உண்டு. நோட்டீஸில் பெரிய எழுத்தில் அதைப் போடுவார்கள். ஆனால் மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கடலோரத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. கிடார்க்காரர் வருகிறார் என்றால் போதும், பத்துக் குப்பம் தள்ளி இருப்பவர்களும் மணலில் நடந்தே வந்துவிடுவார்கள்.

அவர் செங்கல்பட்டில் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தார். ரயில்வே குடியிருப்பில் அடுத்த வீடு ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, டிரைவருடையது. அவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் நடனங்களில் நின்று பார்த்தே கிடாரையும் அந்த வேகத்தையும் கற்றுக்கொண்டாராம். சினிமாப் பாட்டு பாடமாட்டார். தாமே தமிழில் பாட்டுக் கட்டி, இங்கிலீஷ் பாட்டின் தாளத்தில் அதைப் பாடுவார். இறுக்கமான பேண்ட்டும் ஆரஞ்சுச் சட்டையுமாக மேடையில் முட்டிபோட்டு, தலை பின்னால் தரையைத் தொடும்படி வளைந்து கிடாரை மீட்டுவார். முதல் வருஷம் அதைப் பார்த்து எங்கள் பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்களாம். அடுத்த வருஷம் யாரும் மூடவில்லையாம்.

அவருடைய பாட்டுகளில் எல்லோருக்கும் உயிர் பாசஞ்சர் பாட்டு. அரக்கோணம் பாசஞ்சரில் ஏறிப் போய்விட்ட பெண்ணைத் துரத்திக்கொண்டு ஒருவன் பிளாட்பாரத்தில் ஓடுகிறான், அவ்வளவுதான் கதை. ஓடுகிறவனின் மூச்சு வாங்கல்தான் தாளம். வண்டி கிளம்பும் இடத்தில் கிடார் கம்பியை இழுத்து ஒரு கூவலை எழுப்புவார். உடனே மணலில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து கூவுவோம். எட்டு வயதில் முதல் வரிசையில் உட்கார்ந்து கூவி எனக்குத் தொண்டை கட்டியது. என் அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. அவள் கூவமாட்டாள், வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு மைக் செட் வைத்திருக்கும் மாப்பிள்ளைக்கு அவள் மறுபேச்சு இல்லாமல் கழுத்தை நீட்டியபோது, கிடார்க்காரர் அந்தக் கடைக்கு வந்து போகிறவர் என்பதுதான் காரணம் என்று வீட்டில் கேலி செய்தோம். அவள் மறுக்கவும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். செங்கல்பட்டுக் கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான், எங்கள் குப்பத்துக்கே. தினமும் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் என்னோடு ஒரு பெண் வருவாள். அவள் அப்பா கல்பாக்கத்தில் இன்ஜினீயர். அவர்கள் குவார்ட்டர்ஸில் ரெக்கார்டு பிளேயர் இருந்தது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூட்டிப்போய் இங்கிலீஷ் பாட்டுப் போடுவாள். பம்பாயிலிருந்து அவள் அண்ணன் ஏதாவது புது ரெக்கார்டு அனுப்பினால், பாதி கேட்டுவிட்டு ஊசியை எடுத்துவிடுவாள். "இவங்கல்லாம் பத்து வருஷம் முன்னாடியே நிறுத்தியிருக்கணும். இப்ப வயசாயிடுச்சு. பழசோட நிழல்கூட இல்ல" என்பாள்.

உலகமே கொண்டாடுகிற ஒருவரை இப்படி ஒரு வாக்கியத்தில் இறக்கிவிட முடிகிறதே என்று எனக்கு வியப்பாக இருக்கும். நானும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். சினிமா பார்த்துவிட்டு வந்தால் தீர்ப்புச் சொல்வேன், வானொலியில் பாட்டுக் கேட்டால் தீர்ப்புச் சொல்வேன். ஆனால் ஒரு விஷயம் எனக்குள் உறுத்தியது. அவள் பாதியில் நிறுத்திய ஒரு புது ரெக்கார்டு எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பாடகரின் பழைய பாட்டு எதையும் நான் கேட்டதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் காதில் குறைந்தது என் காதில் ஏன் குறையவில்லை என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வருவேன்.

இப்படி இருக்கும்போதுதான் கிடார்க்காரர் ஒரு வருஷம் திருவிழாவுக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள். அடுத்த வருஷம் ஆடி நெருங்கியபோது ஊர் நாட்டார் கூடிப் பேசினார்கள். எங்கள் ஊர்க் காரியங்களை முடிவுசெய்கிற பெரியவர்களை அப்படித்தான் சொல்வோம். பையன்களுக்கு மெட்ராஸிலிருந்து வரும் சினிமாப் பாட்டுக் கச்சேரி வேண்டும். பெரியவர்களுக்குக் கிடார்க்காரர் வேண்டும், அதிலும் பழைய பாட்டுகள் மட்டும்தான் வேண்டும். அவரிடம் பேசிவிட்டு வரச் சொல்லி என் அக்கா கணவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

மாமா செங்கல்பட்டுக்குப் போவதற்குள் அவரே ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாமாவின் கடைக்கு வந்துவிட்டார். கடை குப்பத்தின் முகப்பில், தார்ச் சாலையை ஒட்டி இருந்தது. கூரைமேல் கடலைப் பார்த்தபடி இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள். நான் அங்கே மாமாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். பகல் வெளிச்சத்தில், சாதாரணச் சட்டையில், ஒரு சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. முன்தலை வழுக்கையாகியிருந்தது. பேசும்போது குரல் அடியில் கரகரத்தது.

நாட்டார் சொன்னதை மாமா பக்குவமாகத்தான் சொன்னார். பழைய பாட்டுன்னா ஜனங்களுக்கு உசுரு, அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறார்கள் என்றார். கிடார்க்காரர் சோடாவைக் கீழே வைத்தார்.

"பாசஞ்சரு உன் டேப்புல கீதுல்ல? அத்த மேடையில வச்சு சுத்த வுடு. நான் எதுக்கு?"

பிறகு கிடார்க்காரர் தம் சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். புதிதாக மூன்று பாட்டுக் கட்டியிருப்பதாகச் சொன்னார். அதைப் பாட விட்டால் வருவதாகவும், இல்லையென்றால் மெட்ராஸ் கச்சேரியையே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

"பழசுதான் வேணும்னு எல்லாரும் சொல்லிட்டா, கிடார வித்துடறேன் மச்சான். மொத மொத மேடை குடுத்தது உங்க ஊரு. இங்கியே வேணாம்னா வேற எங்க போயி பாடறது?"

கேலிபோலச் சொன்னாலும் அவர் சிரிக்கவில்லை. மாமா கேசட்டைத் தொடாமலே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. நாட்டாரைக் கூட்டிவைத்து இது அவருடைய புதுப் பாட்டு என்று போட்டால், ஒரு பாதி மரியாதைக்காகத் தலையாட்டும், மறு பாதி பாசஞ்சர் போல வருமா என்று கேட்கும். இரண்டுமே பாட்டுக்குச் சொன்ன பதில் ஆகாது. பஸ்ஸில் நான் யோசித்துக்கொண்டே வந்தது அப்போது நினைவுக்கு வந்தது.

"யாரு பாட்டுன்னு சொல்லாம போடுங்க மாமா" என்றேன். "சாயங்காலம் எப்பவும் போடற மாதிரி போடுங்க. நான் கீழ போய் அவங்ககூட உக்காந்துக்கிறேன்."

மாமாவுக்குப் பயம். கிடார்க்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இதுதான் காலேஜுக்குப் போற பொண்ணா என்று மாமாவிடம் கேட்டார். பிறகு, சரி, ஆனால் நானும் இங்கே உட்கார்ந்து கேட்பேன் என்றார். கடையின் ஒரு பலகையைச் சாத்திவிட்டு, உள்ளே ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். கடைக்கு எதிரே இருந்த பூவரச நிழலில் பேசுவதெல்லாம் அங்கே நன்றாகக் கேட்கும்.

வெயில் தாழ்ந்ததும் நிழலில் எப்போதும் போலக் கூட்டம் சேர்ந்தது. நைனா கிழிந்த வலையை விரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுச் சித்தப்பா மறுமுனையைப் பிடித்திருந்தார். அம்மா திருக்கழுக்குன்றம் சந்தையில் மீன் விற்றுவிட்டு வந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் கடைக்கு யார் வந்தார்கள் என்று அவளுக்கே தெரியாது.

முதல் பாட்டு ஆரம்பித்தது. வேகமான பாட்டு. நாலு வரி தாண்டுவதற்குள் அக்கா தலையைத் தூக்கினாள்.

"எவன்டி இவன்? அவரு மாதிரியே இழுக்கறான்?"

சித்தப்பா காதைக் கொடுத்துக் கேட்டார். "ஆமா, நம்ம கிடார்க்காரர காப்பி அடிக்கறான். மெட்ராஸ்காரனா இருப்பான்."

"கொரலு வரல பாரு" என்றார் நைனா. "அவரு பாடுனா கட்டுமரத்துலேந்து கேக்கும். இவனுக்கு மேல போவும்போது தொண்ட கட்டிக்குது."

இரண்டாவது பாட்டும் அதே வேகம். நடுவில் கிடார் ஒரு கூவல் கூவியது. அவ்வளவுதான், அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. அடுத்தவன் பாட்டைத் திருடிப் பிழைக்கிறவனுக்கெல்லாம் டேப் போட்டுத் தருகிறாரே என்று தன் புருஷனைத் திட்டினாள். "வெக்கமா இல்ல இவனுக்கு? அவரு கால் தூசிக்கு வருவானா?" என்று அவள் கேட்டது எதிர்ப் பலகைக்குப் பின்னால் நிச்சயமாகக் கேட்டிருக்கும். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

பாடுகிறவர் யார் என்று அந்த நிழலில் தெரிந்த ஒரே ஆள் நான். அவர்கள் சொன்ன ஒவ்வொன்றும் எனக்குச் சரியென்றே பட்டது, அதுதான் சங்கடம். அந்த இரண்டு பாட்டிலும் அவர் பழைய தம்மைத் துரத்திக்கொண்டுதான் ஓடினார். பிடிக்க முடியவில்லை.

மூன்றாவது பாட்டு மெதுவாகத் தொடங்கியது. கிடார் ஒரே கம்பியில் தட்டித் தட்டி நடந்தது. குரல் மேலே போகவே இல்லை, பேசுகிற உயரத்தில் இருந்தது. ஒரு தகப்பன் பாடுகிறான். அவன் மகன் வளர்ந்துவிட்டான். தகப்பனின் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான். தோள் இறுக்குகிறது என்கிறான். எனக்குத் தொங்குகிற சட்டை உனக்கு எப்படிப் பத்தாமல் போயிற்று என்று தகப்பன் கேட்கிறான். பாட்டு முழுக்க அந்தச் சட்டையைப் பற்றித்தான்.

இந்தப் பாட்டுக்கு யாரும் அவரைப்போல, இவரைப்போல என்று சொல்லவில்லை. சித்தப்பா வலையை விடாமலே, "இது வேற ஆளு" என்றார். வயசான ஆளாக இருப்பான் என்று அம்மா சொன்னாள். பெண்டாட்டி செத்துப்போனவன்போலத் தெரிகிறது என்று சேர்த்துக்கொண்டாள். அக்கா குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்ததும் பலகை நகர்ந்தது. மாமா தடுத்தும் கேட்காமல் கிடார்க்காரர் வெளியே வந்துவிட்டார். நிழலில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவரைப் பார்த்த சந்தோஷத்தில்தான் முதலில் எழுந்தார்கள். மூன்று பாட்டும் நான் பாடினதுதான் என்று அவர் சொன்ன பிறகு யாருக்கும் உட்காரத் தெரியவில்லை. சித்தப்பாதான் முதலில் சமாளித்தார்.

"நீங்களா அண்ணாத்த? அப்பிடின்னா நல்லாத்தான் கீது."

கிடார்க்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நைனாவும் சிரித்தார். அக்கா மட்டும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

சிரிப்பு அடங்கியதும் அவர் என் பக்கம் திரும்பினார். "இவங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சுதானே கேட்ட? நீ சொல்லு" என்றார்.

எத்தனையோ பாட்டுக்கு யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொன்னவள் நான். இப்போது அவர் கிடாரை வைத்துக்கொள்வதா விற்பதா என்பது என் தீர்ப்பில் இருந்தது. முதல் இரண்டு பாட்டும் எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். அதிலே பாசஞ்சர் வரும் வரும் என்று காது காத்திருக்கிறது, வரவில்லை என்றதும் ஏமாந்துபோகிறது என்றேன். மூன்றாவது பிடித்திருக்கிறது என்றேன்.

"ஆனா அதுக்கு யாரும் ஆடமாட்டாங்க" என்றும் சொன்னேன்.

"ஆடாட்டி போறாங்க. உக்காந்து கேப்பாங்களா?"

"தெரியலீங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு, ஐந்து மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மாமாவிடம் சொன்னார். கேசட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் அக்கா என்னோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசிய அன்றைக்கு ஒரேயடியாகப் பேசினாள். "காலேஜுக்குப் போயி இதான் கத்துக்கினு வந்தியா? அந்த மனுசன ஒளிச்சு வச்சு எங்க வாயால திட்டு வாங்கிக் குடுத்தியே" என்றாள். நீ உண்மையைத்தானே சொன்னாய் என்று கேட்டேன். தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன் என்றாள். அப்படியானால் அது என்ன உண்மை என்று நான் கேட்க, தெரிந்திருந்தால் வேற மாதிரி கேட்டிருப்பேன், பொய்யாக ஒன்றும் கேட்டிருக்கமாட்டேன் என்றாள்.

பள்ளிக்கூடம் போகாதவள் என்று அந்தப் பேச்சை நான் தள்ளிவிட்டிருக்க முடியும். முடியவில்லை. பெயரை மறைத்தால் காது சுத்தமாகிவிடும் என்று நினைத்து அந்தச் சோதனையை வைத்தேன். ஆனால் பெயரை மறைத்தபோதும் அவர்கள் அவரை வைத்துத்தான் கேட்டார்கள். பதினைந்து வருஷம் கூடவே இருந்த குரலைக் காதிலிருந்து எடுத்து ஓரமாக வைக்க யாராலும் முடியாது. கல்பாக்கத்துத் தோழி ஊசியை எடுத்துவிட்டதும் அதனால்தான். தன் பதினைந்து வயதை அந்த ரெக்கார்டில் தேடினாள், அது கிடைக்கவில்லை. எனக்கு அந்த ரெக்கார்டு பிடித்தது என் ரசனை உயர்ந்தது என்பதால் இல்லை, அதில் நான் தொலைத்தது எதுவும் இல்லை என்பதால். அக்கா கிடார்க்காரரிடம் தொலைத்தது நிறைய. அவளுடைய தீர்ப்பை என்னுடையதைவிடக் குறைவு என்று எப்படிச் சொல்வது? அதிகம் என்றும் சொல்ல முடியாது. வயதான ஒருவர் புதிதாகப் பாடும்போது அவரிடம் பிரியம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே பாட்டைக் கேட்பதில்லை என்று மட்டும் அன்றைக்கு எனக்கு விளங்கியது.

நாட்டார் ஒரு வழியாக அவரையே முடிவு செய்தார்கள். பாசஞ்சரைக் கட்டாயம் பாட வேண்டும், மற்றபடி அவர் இஷ்டம் என்றார்கள். அவரும் ஒப்புக்கொண்டு ஆள் அனுப்பினார்.

கூழ் ஊற்றி முடிந்து, மேற்கே இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே மேடை ஏறினார். ஆரஞ்சுச் சட்டை இல்லை. அன்று கடைக்குப் போட்டுவந்த மாதிரி ஒரு சாதாரணச் சட்டை. கூட்டம் கைதட்டியது. பழைய பாட்டுகள் இரண்டு பாடினார். முட்டிபோடவில்லை, நின்றே பாடினார். கேசட்டில் இருந்த முதல் இரண்டு பாட்டையும் அவர் பாடவே இல்லை. பிறகு ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் சட்டைப் பாட்டைத் தொடங்கினார்.

எங்கள் ஊரில் பிடிக்காத பாட்டுக்குச் சத்தம் போடமாட்டார்கள். எழுந்து டீ குடிக்கப் போவார்கள். இரண்டாம் வரியிலேயே பையன்கள் எழுந்தார்கள். பின்னால் இருந்த வரிசைகள் கலைந்தன. அவர் அதைப் பார்த்துக்கொண்டே பாடினார். நான் அவரைப் பார்க்காமல் கூட்டத்தையே பார்த்தேன். எத்தனை பேர் போகிறார்கள் என்று பார்த்தேனே தவிர, பாட்டைக் கேட்கவில்லை. மாமா மேடையோரத்தில் மைக்கின் சத்தத்தைக் கூட்டினார். கிடார்க்காரர் வேண்டாம் என்று கையால் சைகை செய்ததும் குறைத்தார்.

குறைத்த பிறகு, இருந்தவர்கள் கேட்பதற்காக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பாதிக் கூட்டம் போயிருக்கும். போகாமல் இருந்தவர்களில் பிள்ளை பெற்றவர்கள்தான் அதிகம். நைனா இருந்தார். வரமாட்டேன் என்று சொன்ன அக்காவும் இருந்தாள். பாட்டு முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. முடிந்துவிட்டது என்று தெரியாமல் இன்னும் வருமென்று உட்கார்ந்திருந்தார்கள். அவர் அடுத்த பாட்டுக்குக் கம்பியை முறுக்கத் தொடங்கிய பிறகுதான் யாரோ தட்டினார்கள்.

பாசஞ்சரையும் உட்கார்ந்தபடியே பாடினார், சுருதியைக் கீழே இறக்கி, மெதுவாக. டீக்கடையிலிருந்து எல்லோரும் ஓடிவந்தார்கள். ஆனால் பழைய பழக்கத்தில் அவர்கள் முன்னாலேயே கூவிவிட்டு, அவர் அந்த இடத்துக்கு வந்துசேரக் காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த வருஷமும் வர வேண்டும் என்றால், கச்சேரி முடிந்ததும் பெரிய நாட்டார் மேடையிலேயே வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டுவார். வேண்டாம் என்றால் மாலையோடு சரி. அன்றைக்கு மாலை போட்ட பிறகு பெரிய நாட்டார் கொஞ்சம் நின்றார். தட்டு பந்தலுக்குள்தான் இருந்தது. கீழே இருந்தவர்களைப் பார்த்தார். அக்கா மட்டும், தனக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி, "தட்டு எங்க?" என்று சத்தமாகக் கேட்டாள்.

தட்டு வந்தது. கிடார்க்காரர் உடனே கையை நீட்டவில்லை. மைக் இன்னும் திறந்திருந்ததால் அவர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அடுத்த வருசம் இன்னா பாடுவேன்னு இப்ப சொல்ல மாட்டேன்."

"நாங்களும் கேக்கல" என்றார் பெரிய நாட்டார். "வாங்க."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அக்கா எழுந்து புடவையிலிருந்த மணலைத் தட்டினாள். நல்லா இருந்ததா என்று அவளைக் கேட்டேன்.

"அந்தச் சட்டைப் பாட்டு ரொம்ப நீளம்" என்றாள்.